விழா எத்தனை நாள்? கொச்சியின் டிசம்பரும் கரையோரச் சிறுவணிகமும்

மணிமேகலையின் முதற்காதை விழாவறை காதை. புகார் நகரில் இந்திரவிழா தொடங்கவிருப்பதை முரசறைந்து அறிவிக்கும் பகுதி அது. விழா 28 நாட்கள் நடைபெறும். தெருக்களில் பழைய மணலை நீக்கிப் புதுமணல் பரப்ப வேண்டும். பகைவருடனும் பூசல் கூடாது. இத்தகைய கட்டளைகளை ஊர் கேட்கிறது. அதே காப்பியத்தின் பிற்பகுதியில் மகனை இழந்த துயரத்தில் சோழ மன்னன் விழாவை எடுக்க மறக்கிறான். நகரைக் கடல் கொள்கிறது.

இதைத் தெய்வச் சினத்தின் கதையாகப் படிப்பதே வழக்கம். ஒரு துறைமுக நகரம் தன் வாழ்வைப் பற்றி வைத்திருந்த அச்சமாகவும் இதைப் படிக்க இடமுண்டு. சிலப்பதிகாரத்தில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே நாளங்காடி அமைந்திருக்கிறது. அந்த அங்காடியைக் காக்கும் பூதத்துக்குச் சித்திரைத் திங்களில் படையலிட்ட பிறகே இந்திரவிழா தொடங்குகிறது. ஆக, விழாவின் முதற்பூசை நடப்பது சந்தையில். விழாவும் வணிகமும் ஒரே இடத்தில், ஒரே நாளில் தொடங்குகின்றன. அந்த விழா ஓர் இரவில் முடிவதுமில்லை.

புகாரின் இந்தக் குறிப்பு, மேற்குக் கரையில் இன்றும் இயங்கும் ஒரு பழைய துறைமுக நகரத்தைப் புரிந்துகொள்ள உதவும். ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, அவற்றுக்கு எதிர்க்கரையான வைப்பின் ஆகிய பகுதிகளில் நாற்பது ஆண்டுகளாக டிசம்பர் விழா ஒன்று வளர்ந்து வந்திருக்கிறது. அது சிறுகடைகளுக்கு எப்போது உதவியது, எப்போது கைவிட்டது என்று பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, எத்தனை நாட்களில், எத்தனை தெருக்களில் வந்தார்கள் என்பதே கடைக்காரரின் கல்லாவைத் தீர்மானித்திருக்கிறது.

வைப்பும் பெருநாளும்

வைப்பின் என்ற பெயர் தமிழருக்குக் கேட்டவுடன் விளங்கக்கூடியது. ஆறும் கடலும் கொண்டுவந்து வைத்த நிலம் என்னும் பொருளில் 'வைப்பு' என்ற சொல்லோடு அதைத் தொடர்புபடுத்துவது வழக்கு. 1341ஆம் ஆண்டுப் பெரியாற்றுப் பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்பது மரபாகச் சொல்லப்படும் வரலாறு. அந்நிகழ்வை முதலாகக் கொண்டு 'புதுவைப்பு' என்றே ஓர் ஆண்டுக்கணக்கும் இப்பகுதியில் வழங்கியது. வடக்கே முனம்பம் தொடங்கித் தெற்கே கொச்சி முகத்துவாரம் வரை ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நீளும் ஒடுங்கிய நிலம் இது. ஒருபுறம் அரபிக்கடல், மறுபுறம் காயல்.

இந்த நீண்ட தீவின் வணிகம் விழாக்களின் வரிசையைப் பின்பற்றியே நடந்து வந்திருக்கிறது. ஆகஸ்ட் 5 அன்று பள்ளிப்புறம் பனிமய மாதா கோயிலின் பெருநாள். செப்டம்பர் 24 அன்று பக்கத்துத் தீவான வல்லார்பாடத்தில் மாதாவின் பெருநாள். தை மாதத்தை ஒட்டிச் செறாயில் கௌரீசுவரர் கோயில் திருவிழா. நாராயண குரு 1912இல் நிலைநிறுத்திய இந்தக் கோயிலின் மூலவர் முருகன். 'மலையாளப் பழனி' என்ற பெயர் இதற்கு உண்டு. தைப்பூசத்தை ஒட்டிய யானை அணிவகுப்பைக் காணப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரள்கிறார்கள்.

மலையாளத்தில் 'பெருந்நாள்' என்பது கிறித்தவர்களுக்கும் இசுலாமியர்களுக்கும் பொதுவான விழாப்பெயர். தமிழில் அச்சொல் பெரிதும் இசுலாமியப் பண்டிகைகளுக்கு மட்டும் ஒதுங்கிவிட்டது. 'அங்காடி' என்ற சொல்லும் இப்படித்தான். தமிழில் அது நியாயவிலைக் கடைப் பலகைகளிலும் இலக்கியத்திலும் நிற்க, மலையாளத்தில் அன்றாடப் பேச்சில் வாழ்கிறது. பத்தனம்திட்டையின் ஓமல்லூரில் பங்குனியில் கூடும் பெருஞ்சந்தைக்கு 'வயல் வாணிபம்' என்றே பெயர். விழாவும் சந்தையும் பிரியாதிருந்த காலத்தின் தடங்கள் இச்சொற்களில் எஞ்சியிருக்கின்றன.

இவ்விழாக்களின் கடை ஒழுங்கு கவனிக்கத்தக்கது. கொடியேற்றத்தில் தொடங்கிப் பல நாட்கள் விழா நீள்கிறது. முதல் நாட்களில் உள்ளூர்க் கூட்டம். கடைசி நாட்களில் வெளியூர்க் கூட்டம். வளையல், பொம்மை, பாத்திரம், அல்வா, பேரீச்சை, மண்சட்டி விற்பவர் முதலிரு நாட்களின் விற்பனையைக் கொண்டு அடுத்த நாட்களுக்கான சரக்கை அளந்து எடுக்கிறார். ஒரு நாள் மழை பெய்தால் மறுநாள் ஈடுகட்டுகிறார். ஓர் ஊரின் விழா முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறார். சிறுமுதலோடு பிழைக்கும் ஒருவருக்கு விழாவின் நீளமே காப்பீடு. பெரிய கடைக்காரருக்கு இருக்கும் கிடங்கும் வங்கிக் கடனும் அவருக்கு இல்லை.

மிளகு போன தெரு

எதிர்க்கரையில் மட்டாஞ்சேரியின் வரலாறு வேறு வகையானது. போர்த்துகீசியத் தளபதி கப்ரால் 1500 டிசம்பரில் கொச்சிக்கு வந்தார். 1663இல் டச்சுக்காரரும், 1795இல் ஆங்கிலேயரும் கோட்டையைக் கைப்பற்றினர். மிளகின் பொருட்டே இத்தனை கைமாற்றங்களும். மட்டாஞ்சேரிக் கடைவீதியில் குஜராத்தியரும் கச்சி மேமன்களும் கொங்கணியரும் யூதரும் தமிழரும் மலையாளிகளும் அடுத்தடுத்த கிடங்குகளில் வணிகம் செய்தார்கள். கிடங்கின் முன்வாசல் தெருவில், பின்வாசல் காயலில். படகிலிருந்து இறங்கும் மூட்டை நேரே கிடங்குக்குள் போகும். இத்தெருவுக்கு விழாக் கூட்டத்தின் தேவை இருக்கவில்லை. உலகமே சரக்கு கேட்டு வந்தது.

இந்த நிலையை மாற்றியவை இருபதாம் நூற்றாண்டின் பொறியியலும் அரசியலும். 1920இல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ, முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டி, அள்ளிய மண்ணைக் கொண்டு வெலிங்டன் தீவை விரிவுபடுத்தினார். 1928இல் பெருங்கப்பல்கள் உள்ளே வரத் தொடங்கின. நகரம் வளர்ந்தது. கப்பல்களோ தீவின் புதிய துறையை நாடின. மட்டாஞ்சேரியின் பின்வாசல்கள் மெல்ல மெல்லத் தம் வேலையை இழந்தன. 1948க்குப் பின் யூதக் குடும்பங்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போயின. 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதக் கோயிலைச் சுற்றிய தெருவில், நறுமணப் பொருட்கள் விற்ற இடங்களில் பழம்பொருள் கடைகள் வந்தன. 1957இல் தொடங்கிய மிளகு முன்பேர வணிகம் சிலகாலம் தெருவுக்குக் குரல் கொடுத்தது. கணினி வந்தபின் அந்தக் கூச்சலும் ஓய்ந்தது.

சரக்குக்காக உலகம் வந்த தெரு, பார்ப்பதற்காக வருபவரை எதிர்பார்த்து நிற்கும் தெருவாக மாறியது. அந்த மாற்றத்தின் நடுவில்தான் கார்னிவல் பிறந்தது.

1984: மன்றங்களின் விழா

ஐக்கிய நாடுகள் அவை 1985ஆம் ஆண்டை உலக இளைஞர் ஆண்டாக அறிவித்திருந்தது. அதை வரவேற்கும் முகமாக 1984 டிசம்பரில் ஃபோர்ட் கொச்சியின் இளைஞர்கள் கடற்கரையில் ஒரு விழா எடுத்தார்கள். ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரிப் பகுதிகளின் தெரு மன்றங்கள் பல அதில் கைகோத்தன. அவ்வாண்டு தொடங்கியதே கொச்சி கார்னிவல்.

அதன் அமைப்பு பெருநாட்களையும் திருவிழாக்களையும் ஒத்திருந்தது. டிசம்பரின் கடைசி வாரங்களில் கயிறிழுத்தல், நீச்சல், கடற்கரை விளையாட்டுகள், கலைநிகழ்ச்சிகள் எனப் பல நாட்கள் நீளும் நிகழ்வுகள். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்கும் ஒரு மன்றம். டிசம்பர் 31 நள்ளிரவில் பப்பாஞ்சியை எரித்தல். சனவரி 1 மாலையில் வேடமணிந்தோரின் பேரணி. பப்பாஞ்சி என்பது நீண்ட அங்கி அணிந்த கிழவரின் உருவம். கழிந்த ஆண்டின் குறியீடு. பெயர் போர்த்துகீசிய வழி வந்தது, 'கிழவர்' என்று பொருள்படுவது என்பர். பழையதைக் கொளுத்திப் புதியதை வரவேற்கும் செயல் போகி கொண்டாடும் தமிழருக்கு அந்நியமானதன்று.

வெளி என்னும் பகுதியின் திறந்த மைதானத்தில் நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரத்துக்குக் கிறித்துமசு காலத்தில் விளக்கலங்காரம் செய்யும் வழக்கமும் ஒரு தெரு மன்றத்தின் முயற்சியே. 'வெளி' என்ற இடப்பெயருக்கு இரு மொழியிலும் ஒரே பொருள். அதே பகுதியில் தமிழ் பேசும் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்கின்றன. டச்சுக்காரர் காலத்தில் படையினரின் சீருடைகளை வெளுக்க அழைத்து வரப்பட்டவர்கள் தம் முன்னோர் என்பது அச்சமூகத்தின் நினைவு. இன்று அவர்கள் வெளுப்பதில் விடுதி விரிப்புகளும் அடங்கும். விழாக் காலத்தில் தெருவிலுள்ள வீட்டுத் தங்கல்கள் நிறைந்தால், துணிக் கற்களின் மேல் வேலை கூடுகிறது. மூன்று வாரம் அறைகள் நிறைவதும் ஒரே இரவு நிறைவதும் அவர்களுக்கு ஒன்றல்ல. ஒரே இரவுக்கு வருபவர் பெரும்பாலும் தங்குவதில்லை. விடியுமுன் ஊர் திரும்பிவிடுகிறார்.

கூப்பனும் கலைக்கூடமும்

சிறுகடைக்காக விழா எடுக்கும் எண்ணம் உலகில் பல வடிவங்களில் நிலவுகிறது. செருமனியின் டிரெஸ்டன் நகரில் கிறித்துமசுச் சந்தை 1434 முதல் கூடுகிறது. நகரின் நடுச்சதுக்கத்தில் மரக்கடைகள் அமைத்து வாரக்கணக்கில் நடைபெறும் சந்தை அது. அமெரிக்காவில் 2010இல் ஒரு கடனட்டை நிறுவனம், நன்றியறிதல் நாளை அடுத்த சனிக்கிழமையைச் சிறுவணிக நாளாக முன்னெடுத்தது. 2013இல் பிரித்தானியாவும் அவ்வழக்கத்தை ஏற்றது. முதலாவது, ஊர்ச் சந்தை தானே வளர்ந்து விழாவானது. இரண்டாவது, பேரங்காடிகளால் நலிந்த கடைத்தெருவுக்கு ஆண்டில் ஒரு நாளை ஒதுக்கித் தரும் ஏற்பாடு.

கேரள அரசு 2007 டிசம்பர் 1 அன்று தொடங்கிய பெரும் வணிகத் திருவிழா இவ்விரண்டிலும் சேராதது. துபாயின் வணிகத் திருவிழாவை முன்மாதிரியாகக் கொண்ட அது, சனவரி நடு வரை மாநிலம் முழுவதும் நடந்தது. குறிப்பிட்ட தொகைக்கு வாங்குவோருக்குப் பரிசுச்சீட்டு, குலுக்கலில் தங்கம். நாட்களுக்குக் குறைவில்லை. ஆனால் பரிசுச்சீட்டு பெறும் அளவுக்கு ஒரே இடத்தில் பொருள் வாங்க ஏற்றவை நகைக்கடைகளும் துணிக்கடைகளும் மின்சாதனக் கடைகளும்தாம். சீப்பும் சிப்பி மாலையும் விற்பவர் சீட்டு தருவதற்கில்லை. மட்டாஞ்சேரியின் குறுந்தெருக்களுக்கென அதில் தனி இடம் எதுவும் இல்லை. நாட்கள் நீண்டாலும் தெரு விடுபட்டால் பயன் பெரிய கடைக்கே போகும் என்பதற்கு அது சான்று.

2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி-முசிரிசு பினாலே, தெருவைத் தன் உடலாகவே எடுத்துக்கொண்டது. ஓவியர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் முன்னெடுத்த இந்த ஈராண்டுக் கலைவிழா, புதிய மாளிகை எதையும் எழுப்பவில்லை. ஆஸ்பின்வால் மாளிகை, பெப்பர் ஹவுஸ் போன்ற பழைய வணிகக் கிடங்குகள் கலைக்கூடங்களாயின. ஒரு கூடத்திலிருந்து அடுத்ததற்குப் போக மக்கள் கல்வத்தித் தெருவிலும் கடைவீதியிலும் நடக்க வேண்டியிருந்தது. நடப்பவருக்குத் தாகம் எடுக்கும், பசிக்கும், வெயில் சுடும். தேநீர்க்கடை, சர்பத் வண்டி, தொப்பிக்கடை, ஆட்டோ நிறுத்தம் ஆகிய அனைத்தும் கலைவிழாவின் வரைபடத்தில் தாமாகவே இடம்பெற்றன. விழா மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்ததால், டிசம்பர் நெரிசல் தணிந்த பிறகும் சனவரி, பிப்ரவரியில் ஆள்வரத்து இருந்தது. முதல் பினாலே முடிந்த அதே 2013 மார்ச்சில்தான் எடப்பள்ளியில் லுலு பேரங்காடி திறக்கப்பட்டது. நகரத்தின் வாங்கும் கூட்டம் குளிரூட்டிய கூரையின்கீழ்ப் போகத் தொடங்கிய நேரத்தில், பழைய தெருவுக்கு வேறொரு கூட்டம் கிடைத்தது.

பினாலேயின் பயனும் சீராகப் பகிரப்படவில்லை. சில கிடங்குகள் உணவகங்களாகவும் கலைப்பொருள் கூடங்களாகவும் மாறின. விழா வரும் தெருவில் வாடகை ஏறுவது இயல்பு. ஏறிய வாடகை முதலில் வெளியேற்றுவது அத்தெருவின் பழைய சிறுகடையை. விழா வராத ஆண்டுகளில் அமைதி திரும்புகிறது, வாடகை திரும்புவதில்லை. தெருவை நம்பும் விழாவிலும் தெருவில் இருப்பவர்க்கான காப்பு தனியே தேவைப்படுகிறது.

கடவு

வைப்பினுக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் இடையிலுள்ள நீர்வழியைக் கடக்கச் சில நிமிடங்கள் போதும். தரைவழியாக வந்தால் எறணாகுளம் நகரைச் சுற்ற வேண்டும். 2004 சூனில் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும் வரை வைப்பின் மக்களுக்கு எறணாகுளத்துக்கும் படகே வழி. பாலம் இரு திசையிலும் வேலை செய்தது: தீவினரின் பயணத் துயரைத் தீர்த்தது, தீவினரின் பெரிய கொள்முதலையும் எறணாகுளத்துக்குத் திருப்பியது. ஆனால் கார்னிவலுக்குப் போக, முனம்பம் முதல் வைப்பின் முனை வரையுள்ள ஊர்களுக்கும் பரவூர், கொடுங்கல்லூர்ப் பக்கத்து ஊர்களுக்கும் குறுக்குவழி இன்றும் இந்தக் கடவுதான்.

கடவின் விலையை 2015 நினைவூட்டியது. திருவோணத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஆகஸ்ட் 26 அன்று, வைப்பினிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வந்த பயணிகள் படகின்மீது மீன்பிடிப் படகு மோதியது. 11 பேர் இறந்தார்கள். பண்டிகைக் காலத்தில் நீரைக் கடப்பது அன்றாட வாழ்வின் பகுதியாக இருந்த ஊரில், அந்த ஓணம் துக்க ஓணமாகியது. 2018 ஏப்ரலில் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் ரோ-ரோ கலங்கள் சேவைக்கு வந்தன. கொச்சிக் கப்பல் கட்டும் தளம் உருவாக்கிய அக்கலங்களுக்குச் 'சேது சாகர்' என்று பெயர்.

அதற்குள் கார்னிவலின் வடிவமும் மாறிவிட்டிருந்தது. பல நாட்களின் விழா, செய்திகளிலும் கைபேசித் திரைகளிலும் ஒரே நள்ளிரவாகச் சுருங்கியது. பப்பாஞ்சி எரியும் அந்தச் சில நிமிடங்களைக் காண்பதே கார்னிவல் என்றாகியது. கடல் அரிப்பால் கரை குறுகிய நிலையில் எரிப்பு பரேடு மைதானத்துக்கு இடம் மாறியது. 2020இலும் 2021இலும் பெருந்தொற்று அதை நிறுத்தியது. தடை நீங்கிய 2022 டிசம்பர் 31 அன்று திரண்ட கூட்டம், குறுந்தெருக்களின் கொள்ளளவை மீறியது. கடவிலும் கலங்களிலும் கடும் நெரிசல்.

அடுத்த ஆண்டுகளில் காவல்துறையின் கட்டுப்பாடுகள் வந்தன: தடுப்புவேலிகள், வாகனங்களுக்குத் தடை, மாலைக்குப் பின் கடவுச் சேவையில் வரம்பு. உயிர் காக்க அவை தேவையானவை, அதில் ஐயமில்லை. ஆனால் அக்கட்டுப்பாடுகளின் சுமை யார்மீது விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வேலிக்குள் தள்ளுவண்டிக்கு இடமில்லை. நெரியும் கூட்டத்தில் எவரும் நின்று பேரம் பேசுவதில்லை. வைப்பின் முனையில் படகுக்குக் காத்திருப்போரை நம்பிக் கடலையும் தேநீரும் விற்பவருக்கு, கடவு நின்றதும் வணிகமும் நிற்கிறது. ஆண்டின் மிகப் பெரிய கூட்டம் கூடும் இரவு, சிறுகடை விற்க முடியாத இரவாக மாறிவிடுகிறது.

2024 இந்த நிலையின் மறுபக்கத்தைக் காட்டியது. டிசம்பர் 26 அன்று முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் மறைந்தார். நாடு ஏழு நாள் துக்கம் கடைப்பிடித்தது. பரேடு மைதானத்துப் பப்பாஞ்சி எரிக்கப்படவில்லை. வெளி மைதானத்தில் வேறொரு குழு அமைத்த பப்பாஞ்சி, உயர்நீதிமன்றம் பாதுகாப்பு நிபந்தனைகளோடு அளித்த இசைவின்பேரில் எரிக்கப்பட்டது. துக்கத்தின் நியாயம் வேறு, அது விவாதத்துக்குரியதன்று. ஆண்டு முழுவதற்குமான எதிர்பார்ப்பை ஓரிரவின்மேல் வைத்தால், அந்த இரவு விலகும்போது கடனுக்கு எடுத்த பலூனும் தொப்பியும் மூட்டையிலேயே இருந்துவிடும். புகாரின் மன்னனுக்குத் துயரம் வந்தபோது 28 நாட்களும் போயின. கொச்சியின் சிறுவணிகர் ஒரே நாளை நம்பியிருந்தார். அந்த ஒன்றும் போயிற்று.

மாற்றச்சந்தை

பரவலான விழாவுக்கு எடுத்துக்காட்டைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. வைப்பின் தீவின் வடமுனைக்கு எதிரே, நிலப்பகுதியில் சேந்தமங்கலம் இருக்கிறது. கொச்சி அரசின் அமைச்சர்களாக விளங்கிய பாலியத்து அச்சன்மாரின் ஊர். விஷுவுக்கு முன்னைய நாட்களில் அங்குள்ள பாலியம் திடலில் 'மாற்றச்சந்த' கூடுகிறது. பெயரில் உள்ள 'மாற்றம்' பண்டமாற்று. மண்பாண்டம் செய்தவர் அதைக் கொடுத்துக் காய்கறி பெற்றார்; பாய் முடைந்தவர் அதைக் கொடுத்துக் கிழங்கு பெற்றார். பண்டமாற்று மறைந்து பணம் வந்தபின்னும் சந்தை நிற்கவில்லை. பானை, பாய், முறம், கூடை, கனி காண்பதற்கான வெள்ளரி ஆகியவை இன்றும் அங்கே விற்பனைக்கு வருகின்றன.

இச்சந்தையின் உயிர் அதன் பொருத்தத்தில் இருக்கிறது. விஷுவுக்கு எந்தப் பொருள் வேண்டுமோ அதையே சுற்றுவட்டாரத்துக் கைவினைஞர் செய்கிறார். வேடிக்கை பார்க்க வருபவரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. கார்னிவல் இரவில் விற்கும் ஒளிரும் கொம்புகளும் முகமூடிகளும் எங்கோ ஒரு தொழிற்சாலையிலிருந்து வருபவை. அவற்றை விற்பவர் உள்ளூர்க்காரராயினும் செய்தவர் உள்ளூர்க்காரர் அல்லர். விழாவில் எந்தப் பொருள் விற்கிறது என்பதும் பயனின் ஓர் அளவுகோல்.

அதே சேந்தமங்கலம் பண்டிகையை நம்பும் தொழிலின் நலிவையும் காட்டியது. அவ்வூர்க் கைத்தறி புவிசார் குறியீடு பெற்றது. நெசவாளர்களின் ஆண்டு விற்பனையில் ஓணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்தபோது ஓணத்துக்குச் சில நாட்களே இருந்தன. தறிகள் மூழ்கின, ஓணத்துக்காக நெய்து அடுக்கிய சேலைகளும் வேட்டிகளும் சேற்றில் ஊறின. அரசும் அவ்வாண்டு ஓண விழாக்களைக் கைவிட்டது. விற்கவியலாத அத்துணிகளைத் துண்டுகளாக்கித் தன்னார்வலர்கள் செய்த சிறுபொம்மையே 'சேக்குட்டி'. பெயரில் இருப்பது சேறும் குட்டியும். அப்பொம்மையின் விற்பனை நெசவாளர்களுக்குப் போயிற்று. ஒரு பருவத்தின் இழப்பை ஒரு பொம்மை ஈடுகட்டாது. எனினும் வாங்குபவர், செய்பவரின் பெயரையும் ஊரையும் அறிந்து வாங்கினார். விழாச் சந்தைக்கே உரிய அந்த நேருக்குநேர் உறவை வெள்ளத்துக்குப் பின்னும் அது காத்தது.

வீதியை நாட்காட்டியாக்கிய ஊர்

மதுரையில் கோயிலைச் சுற்றிய வீதிகளுக்கு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயர்கள். விழா ஊர்வலங்கள் செல்லும் வீதிகள் அவை. விழாவை ஒரு திடலில் அடைக்காமல் வீதியின் நான்கு பக்கங்களிலும் நடத்தியதால், ஒவ்வொரு கடைவாசலுக்கும் ஆண்டில் ஒரு முறையேனும் தேரோ பல்லக்கோ வந்தது. கார்னிவலின் சனவரி 1 பேரணியும் இதே முறையில் வெளியிலிருந்து புறப்பட்டுத் தெருக்களினூடே பரேடு மைதானத்தை அடைகிறது. நள்ளிரவு எரிப்பைவிட இந்தப் பேரணியே வீதிக்கடைகளுக்கு இயல்பாகப் பொருந்தும் நிகழ்வு. பகலில் நடக்கிறது, நகர்ந்துகொண்டே இருக்கிறது, காத்திருப்பவர் கடை நிழலில் நிற்கிறார்.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 2014ஆம் ஆண்டின் தெருவணிகர் சட்டம், நகர விற்பனைக் குழுக்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களைத் தெருவணிகரின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளுக்கு ஒதுக்குகிறது. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தெருவணிகம் நடந்துவரும் சந்தைகளை மரபுச் சந்தைகளாக அறிவிக்கவும் அது வழிசெய்கிறது. கார்னிவலுக்கு அந்த வயது நெருங்குகிறது. தடுப்புவேலி எங்கே நிற்க வேண்டும், எத்தனை வண்டிக்கு எங்கே இடம், கடவு எந்த நேரம் வரை என்று முடிவெடுக்கும் மேசையில் வண்டிக்காரரும் அமர்ந்தால், பாதுகாப்பும் பிழைப்பும் ஒரே திட்டத்தில் இடம்பெற முடியும்.

மாற்றத்தின் அறிகுறிகள் ஏற்கெனவே தென்படுகின்றன. 2023 ஏப்ரலில் கொச்சி நீர்மெட்ரோவின் முதல் படகுகள் உயர்நீதிமன்றத் துறையிலிருந்து வைப்பினுக்கு ஓடத் தொடங்கின. 2024இல் ஃபோர்ட் கொச்சியும் 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியும் அந்த வலையில் இணைந்தன. நூறாண்டுக்கு முன் கப்பல்கள் கைவிட்ட மட்டாஞ்சேரிக் கரைக்குப் பயணிகள் படகு திரும்பியிருக்கிறது. வைப்பினின் கடற்கரைகளிலும் அண்மை ஆண்டுகளில் டிசம்பர் விழாக்கள் தனியே தோன்றியுள்ளன. தீவினர் ஒரே நள்ளிரவுக்காக ஒரே கடவில் நெரிய வேண்டிய தேவையை அவை சிறிதேனும் குறைக்கும். செறாயிலும் புதுவைப்பிலும் மீன் பொரிக்கும் பெண்ணுக்கு அந்தக் கூட்டம் தன் வாசலுக்கே வரும்.

1984இல் மன்றங்கள் வகுத்த முறை இதற்கு மாறானதன்று. பல நாட்கள், பல தெருக்கள், ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு பொறுப்பாளர் என்பதே அதன் தொடக்க வடிவம். பிற்காலத்தில் நள்ளிரவு மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டது. அந்த நாட்களை மீண்டும் விரித்தால், பப்பாஞ்சி எரியாத ஆண்டிலும் கடலைவண்டிக்காரர் மூட்டையை வெறுமையாக்கிக்கொண்டு கடைசிப் படகில் வைப்பினுக்குத் திரும்புவார்.